கீ டேட் ரகசியம்: காயின் கலெக்டர்கள் எத்தனை வருஷத்தை மனப்பாடமா வச்சிருக்காங்க? கிரிவலப் பாதையில் ஒரு பணப் பாடம்



பௌர்ணமிக்கு திருவண்ணாமலை கிரிவலம் போனவங்களுக்கு இந்தக் காட்சி புதுசா இருக்காது. 14 கிலோமீட்டர் பாதையில ருத்ராட்சம், ஸ்படிகம், செப்பு மோதிரம் விக்கிற கடைகளுக்கு நடுவுல ஒருத்தர் துணி விரிச்சு பழைய காசு பரப்பி வச்சிருப்பார். நீங்க குனிஞ்சு பார்த்ததுமே பேச்சு ஆரம்பிச்சுடும். "சார், இது 1947, சுதந்திர வருஷம், அசல் வெள்ளி. 1,500 குடுங்க போதும். இது 1818 ராமர் காசு, பூஜையில வச்சா பணம் தங்கும்."

பின்னாடி கூட்டம் தள்ளுது. போன்ல தேடலாம்னா அந்தக் கூட்டத்துல நெட்வொர்க் கிடைக்கிறதே அபூர்வம். உங்க கையில இருக்கிறது அரை நிமிஷம், மண்டையில என்ன இருக்கோ அது மட்டும்தான்.

அதே இடத்துல ஒரு அனுபவசாலி கலெக்டர் நின்னா, காசைத் திருப்பி வருஷத்தைப் பார்ப்பார், சிரிச்சுட்டு நடையைக் கட்டுவார். அவருக்கு எல்லா வருஷமும் மனப்பாடமா? இல்லை. அவர் என்ன மனப்பாடம் பண்றார், எதைப் பண்றதே இல்லைங்கிறதுதான் இன்னைக்குப் பாடம். காசு சேர்க்கிற ஐடியாவே உங்களுக்கு இல்லைன்னாலும் படிங்க. கடைசியில இது உங்க சம்பளத்துக்கும் சேர்த்து வர்ற பாடம்.

1. முதல்ல, கீ டேட்னா என்ன?

ஒரே டிசைன்ல வருஷா வருஷம் வர்ற நாணயங்களை ஒரு சீரிஸ்னு சொல்வாங்க. அந்த வரிசையில கிடைக்கவே கஷ்டமான ஒண்ணு ரெண்டு வருஷம் இருக்கும். அதுதான் கீ டேட். மத்த வருஷமெல்லாம் சுலபமா சேர்ந்துடும், இந்த ஒண்ணு இல்லாம செட் முழுமையாகாது. அதனால விலை அங்கதான் ஏறும்.

இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. சரித்திரத்துல முக்கியமான வருஷம் வேற, நாணயத்துல கீ டேட் வேற.

1947 நமக்கு மறக்க முடியாத வருஷம். ஆனா ஆறாம் ஜார்ஜ் தலை ஒரு பக்கமும் புலி மறுபக்கமும் இருக்கிற 1947 ஒரு ரூபாய் நாணயம் தாராளமா கிடைக்கிற சாதாரண நாணயம். அது வெள்ளியும் இல்லை, சுத்த நிக்கல். அதே ராஜா தலை போட்ட 1939 ஒரு ரூபாய் இருக்கே, அது பிரிட்டிஷ் இந்தியக் காசு சேர்க்கிறவங்க தேடித் தேடி அலையுற நாணயம்.

அதாவது விலையை முடிவு பண்றது அந்த வருஷத்தோட பெருமை இல்லை. எத்தனை காசு உருக்காம, தேயாம, தொலையாம மிச்சம் இருக்கு, அதை எத்தனை பேர் தேடுறாங்க, இந்த ரெண்டும்தான்.

2. உண்மையில எவ்வளவு மனப்பாடம்?

கலெக்டர்களோட ஞாபகத்தை மூணு அடுக்கா பிரிச்சுப் பார்க்கலாம்.

முதல் அடுக்கு, தான் சேர்க்கிற சீரிஸ். இது விரல் நுனியில இருக்கும். எந்த வருஷம் ஆரம்பம், எது முடிவு, நடுவுல எந்த வருஷம் அடிக்கவே இல்லை, எது அபூர்வம், எல்லாமே தூக்கத்துல கேட்டாலும் வரும்.

ரெண்டாவது அடுக்கு, பக்கத்து சீரிஸ். இதுல ஒண்ணு ரெண்டு கீ டேட் மட்டும்தான் ஞாபகம். மத்ததுக்குப் பையில ஒரு சின்ன நோட்டு இருக்கும்.

மூணாவது அடுக்கு, மத்த எல்லாமே. இதுக்கு கேட்லாக் புத்தகம். இதை மனப்பாடம் பண்ண யாரும் முயற்சி பண்றதே இல்லை.

ஏன்னு ஒரு கணக்குப் போட்டா புரியும். இப்போ நம்ம நாட்டுல மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டான்னு 4 இடத்துல காசு அடிக்கிறாங்க. வருஷத்துக்குக் கீழே மும்பைக்கு ஒரு டைமண்ட், ஹைதராபாத்துக்கு ஒரு நட்சத்திரம், நொய்டாவுக்கு ஒரு புள்ளி இருக்கும். கொல்கத்தாவுக்கு எந்தக் குறியும் இல்லை. இதுக்குப் பேர் மின்ட் மார்க். ஒரு டிசைன் 10 வருஷம் ஓடுச்சுன்னா 10-ஐ 4-ஆல பெருக்குங்க, 40 வரைக்கும் போகலாம். 5 டிசைன்னா 200. அதை உட்கார்ந்து மனப்பாடம் பண்றது போன் டைரக்டரி படிக்கிற மாதிரி.

அதனால அனுபவசாலிங்க லிஸ்ட்டைப் படிக்கிறதில்லை, விதிவிலக்கை மட்டும் படிக்கிறாங்க. 40-ல 37 சாதாரணம், 3 அபூர்வம்னா, ஞாபகம் வைக்க வேண்டியது 3 மட்டும். அதுவும் வெறும் எண்ணா இல்லை, ஒரு காரணத்தோட சேர்த்து.

இதுக்கு ஒரு புகழ்பெற்ற ஆராய்ச்சியே இருக்கு. 1980-ல சயின்ஸ் இதழ்ல எரிக்சன், சேஸ், ஃபலூன்னு மூணு பேர் எழுதின கட்டுரை. சராசரி ஞாபக சக்தி உள்ள ஒரு கல்லூரி மாணவர்கிட்ட எண்களை ஒவ்வொண்ணா சொல்லி, திருப்பிச் சொல்லச் சொன்னாங்க. ஆரம்பத்துல அவரால 7 எண் வரைக்கும்தான் முடிஞ்சது. 230 மணி நேரப் பயிற்சிக்கு அப்புறம் 79 எண் வரைக்கும் சொன்னார். எப்படின்னா, அவர் ஒரு ஓட்டப்பந்தய வீரர். எண்களை ஓட்ட நேரமா மாத்தி மனசுல போட்டுக்கிட்டார். ஆனா எண்ணுக்குப் பதிலா எழுத்துகளைக் கொடுத்தப்போ பழையபடி 6-க்கு வந்துட்டார்!

அப்போ மூளையோட கொள்ளளவு ஒண்ணும் பெருசாகல. தனக்கு ஏற்கெனவே தெரிஞ்ச விஷயத்துல மாட்டி வச்சதாலதான் எண் நின்னுச்சு. காசு சேர்க்கிறவங்க பண்றதும் இதேதான்.

3. ஒரு சின்ன சீரிஸ் படிப்போமா?

வாங்க, உதாரணத்துக்கு ஆறாம் ஜார்ஜ் ஒரு ரூபாயை எடுத்துக்கலாம். தாத்தா பாட்டி பெட்டியில அதிகமா இருக்கக் கூடிய காசு இது. புழக்கத்துக்கு வந்த மொத்த வருஷமே 9 தான்:

1938, 1939, 1940, 1941, 1942, 1943, 1944, 1945, 1947.

இதை மூணு துண்டா வெட்டுங்க.

1938, 1939: உயர்ந்த வெள்ளி. எடை 11.66 கிராம், அதுல 91.7 சதவீதம் வெள்ளி. இதுல 1939 தான் கீ டேட்.

1940 முதல் 1945 வரை: ரெண்டாம் உலகப் போர் காலம். வெள்ளியைப் பாதியா, 50 சதவீதமா குறைச்சுட்டாங்க. எடை அதே 11.66 கிராம்தான். போர்த் தேவைக்காக லாகூர்லயும் காசு அடிச்சாங்க, அந்தக் காசுல "எல்"ங்கிற ஆங்கில எழுத்து இருக்கும்.

1947: வெள்ளியே கிடையாது, நிக்கல். நடுவுல 1946 போட்ட ஒரு ரூபாய் புழக்கத்துக்கு வரல.

பார்த்தீங்களா? 9 எண்ணைப் படிக்கல. உயர்ந்த வெள்ளி, பாதி வெள்ளி, வெள்ளி இல்லைன்னு ஒரு கதை படிச்சோம். கதைக்குள்ள எண் தானா உட்கார்ந்துக்கிச்சு.

இப்போ இதைப் பணமா மாத்துவோம். கணக்குக்கு சுலபமா இருக்க வெள்ளி கிராம் 100 ரூபாய்னு வச்சுக்கோங்க. நீங்க போடும்போது அன்னைய ரேட்டைப் போட்டுக்கோங்க.

1938 ரூபாய்: 11.66 x 0.917 = 10.69 கிராம் வெள்ளி. மதிப்பு 1,069 ரூபாய்.
1942 ரூபாய்: 11.66 x 0.5 = 5.83 கிராம் வெள்ளி. மதிப்பு 583 ரூபாய்.
1947 ரூபாய்: வெள்ளி மதிப்பு பூஜ்யம்.

மூணுலயும் ஒரே ராஜா தலை. வருஷம் தெரியாதவருக்கு மூணும் "பழைய வெள்ளிக் காசு". நடைபாதையில 1947-க்கு வெள்ளி விலை கொடுக்கிறதும் இதனாலதான். பாட்டி பெட்டியில இருந்த 1939-ஐ மத்த காசோட சேர்த்துத் தராசுல போட்டு, எடைக்கு வித்துட்டு வர்றதும் இதனாலதான். ரெண்டாவது நஷ்டம்தான் பெருசு. ஏன்னா அது நஷ்டம்னே கடைசி வரைக்கும் நமக்குத் தெரியாது.

ஒரு கூடுதல் டிப்ஸ். அடிக்காத வருஷமும் உங்களுக்கு உதவும். ஐந்தாம் ஜார்ஜ் தலை போட்ட ஒரு ரூபாய் 1911 முதல் 1922 வரைதான். அதுக்கப்புறம் பிரிட்டிஷ் இந்தியாவுல அடுத்த ஒரு ரூபாய் 1938 தான். ராஜா தலையோட "1930 ஒரு ரூபாய்"னு யாராவது காட்டினா, எடை போடவே வேண்டாம், கும்பிடு போட்டுட்டு நடங்க. இது ஒரு ரூபாய்க்கு மட்டும்தான். அரை ரூபாய்க்கு வருஷ வரிசை வேற.

4. அஷ்ட லிங்கத்துல 8 வருஷம்

ஒரு பழைய ஞாபக உத்தி இருக்கு. உங்களுக்கு நல்லா தெரிஞ்ச பாதையில வரிசையா சில இடங்களை எடுத்துக்கிட்டு, ஒவ்வொரு இடத்துலயும் ஒரு விஷயத்தை மனசால வைக்கிறது. பழைய கிரேக்க, ரோமானியப் பேச்சாளர்கள் நீளமான உரையை இப்படித்தான் ஞாபகம் வச்சிருந்தாங்க.

கிரிவலம் போனவங்களுக்கு இதை விட நல்ல பாதை எங்க கிடைக்கும்? எட்டு திசைக்கு எட்டு லிங்கம். இந்திரன், அக்னி, எமன், நிருதி, வருணன், வாயு, குபேரன், ஈசானியன். வரிசை மாறவே மாறாது. சாமி கும்பிடுறது முதல்ல, இது நம்ம பாடத்துக்கு ஒரு கொக்கி, அவ்வளவுதான்.

இந்திர லிங்கம், 1835. தேவர்களுக்கு ஒரு ராஜா. கிழக்கிந்தியக் கம்பெனி தன் மாகாணங்கள் எல்லாத்துக்கும் பொதுவா ஒரே மாதிரி ரூபாய் கொண்டுவந்தது 1835-ல, நான்காம் வில்லியம் தலையோட. அதுக்கு முன்னாடி வங்காளம், பம்பாய், மதராஸ் ஒவ்வொண்ணும் தனித்தனி.

அக்னி லிங்கம், 1862. அணையாத விளக்கு. விக்டோரியா ரூபாய்ல 1862-ன்னு போட்டதை 1874 வரைக்கும் மாத்தாமலே அடிச்சாங்க! அதனால 1862 போட்டிருக்கிற எல்லாமே 1862-ல பிறந்தது இல்லை. பம்பாய்க் காசுல இருக்கிற சின்னச் சின்னப் புள்ளிகளை எண்ணித்தான் கலெக்டர்கள் வகை பிரிக்கிறாங்க.

எம லிங்கம், 1911. பிறந்ததுமே சாவு. ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில இருந்த யானை, துதிக்கை சின்னதா இருந்ததால பன்றி மாதிரி தெரிஞ்சது. மக்கள் கொதிச்சாங்க. அடிச்சது 90 லட்சத்துக்கும் மேல, வெளியில போனது ஏறக்குறைய 7 லட்சம், மீதி உருக்கப்பட்டது. 1912-ல யானையைத் திருத்திட்டாங்க. "பன்றி ரூபாய்"னே இதுக்குப் பேர்.

நிருதி லிங்கம், 1939. நிருதின்னா கஷ்ட காலம். உலகப் போர் ஆரம்பிச்ச வருஷம். நம்ம சீரிஸோட கீ டேட்.

வருண லிங்கம், 1940. வருணன் தண்ணிக்கு அதிபதி. வெள்ளியில தண்ணி கலந்த வருஷம்னு வச்சுக்கோங்க! 91.7 சதவீதம் 50 ஆச்சு.

வாயு லிங்கம், 1947. வெள்ளி காத்தோட போயிடுச்சு. நிக்கல் மட்டும் மிச்சம்.

குபேர லிங்கம், 1954. குடியரசு இந்தியாவோட நிக்கல் ஒரு ரூபாய் 1950, 1954, 1962-ன்னு வந்தது. இதுல 1954-ஐ குபேரன் தன் பெட்டியில பூட்டி வச்சுட்டார். அபூர்வமானது அதுதான்.

ஈசானிய லிங்கம், 1957. சுத்து முடிஞ்சு புதுக்கணக்கு. 1957 ஏப்ரல் 1 முதல் அணா, பைசா கணக்கு போய் ஒரு ரூபாய்க்கு 100 நயா பைசா. 1964-ல "நயா"ங்கிற வார்த்தையை எடுத்துட்டாங்க.

ஒரு தடவை கண்ணை மூடி கிழக்குல இருந்து நடந்து பாருங்க. எட்டுல அஞ்சு இப்பவே வந்துடும்.

5. கடை முன்னாடி 30 செகண்ட்

ஞாபகத்துல இருக்கிறதை எப்படி உபயோகிக்கிறது? வரிசை இதுதான்.

ஒண்ணு, வருஷம். சொல்ற கதையும் வருஷமும் பொருந்துதா? அந்த "1818 ராமர் காசு" ஞாபகம் இருக்கா? ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகமோ ஆஞ்சநேயரோ, மறுபக்கம் ஆங்கிலத்துல ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1818, ஒரு அணான்னு இருக்கும். கம்பெனி மதராஸ்ல அடிச்ச பகோடா காசுகள்ல விஷ்ணு உருவமும் கோபுரமும் இருந்தது உண்மைதான். ஆனா இந்தப் பெரிய செப்புக் காசு கம்பெனி வெளியிட்டதே இல்லை. பின்னாளில் யாரோ அடிச்ச டோக்கன். இந்தியா முழுமைக்கும் பொதுவான ஒரு அணா நாணயம் வந்ததே ஏழாம் எட்வர்ட் காலத்துல, 1907-ல. அதுவும் செம்பு இல்லை, விளிம்பு வளைஞ்சு வளைஞ்சு இருக்கிற செப்பு நிக்கல் கலவை. பூஜைக்கு வேணும்னா 20 ரூபாய்க்கு வாங்குங்க, தப்பில்லை. ஆனா பழங்காசு விலைக்கு வாங்காதீங்க.

ரெண்டு, காந்தம். சாவிக்கொத்துல ஒரு சின்ன காந்தம் போதும். வெள்ளி காந்தத்துல ஒட்டாது, சுத்த நிக்கல் ஒட்டும். "வெள்ளி"ன்னு சொன்ன 1947 ஒட்டிக்கிச்சுன்னா விஷயம் முடிஞ்சது. ஒட்டலைன்னா வெள்ளின்னு அர்த்தம் இல்லை, பித்தளையும் ஒட்டாது. காந்தம் பொய்யைப் பிடிக்கும், உண்மைக்குச் சாட்சி சொல்லாது.

மூணு, எடை. ஒரு ரூபாய்க்கு 11.66 கிராம். தேய்மானத்துல கொஞ்சம் குறையலாம். ரெண்டு கிராம் வித்தியாசம்னா சந்தேகம்தான்.

நாலு, கீ டேட்னா இன்னும் நிதானம். யார் 1942-ஐ போலி பண்ணி நேரத்தை வீணாக்குவாங்க? போலி வர்றது 1939, 1911 மாதிரி வருஷத்துலதான். கடைசி எண்ணைச் சுரண்டி மாத்துறதும் நடக்கும். அதனால நடைபாதையில கீ டேட் கிடைச்சா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி சந்தேகப்படுங்க. பெரிய தொகைன்னா, அனுபவம் உள்ள ரெண்டு பேர் பார்க்காம கொடுக்காதீங்க.

6. வருஷம் மனசுல, விலை நோட்டுல

கலெக்டர்கள் ஞாபகம் சறுக்குற இடம் ஒண்ணு இருக்கு. அது விலை. 1939 அபூர்வம்ங்கிறது மாறாது. ஆனா அஞ்சு வருஷம் முன்னாடி கேட்ட விலை இன்னைக்கு உதவாது. பழைய விலையை மனசுல வச்சுக்கிட்டு விக்கிறவர் ஏமாறுவார், வீடியோவுல கேட்ட விலையை மனசுல வச்சுக்கிட்டு வாங்குறவரும் ஏமாறுவார்.

அதனால ஒரே விதி. மாறாதது மனசுல, மாறுறது நோட்டுல.

சரி, இது முதலீடான்னு கேட்பீங்க. ஒரு கணக்கு சொல்றேன். ஒரு காசை டீலர்கிட்ட 1,500 கொடுத்து வாங்குறீங்க. அடுத்த நாளே அவர்கிட்டயே விக்கப் போனா 1,000 தர்றேன்னு சொல்றார்னு வச்சுப்போம். அது அவரோட கடை வாடகை, லாபம், அவர் மேல தப்பு இல்லை. ஆனா நீங்க போட்ட பணம் திரும்ப வரவே விலை 50 சதவீதம் ஏறணும். வருஷத்துக்கு 7 சதவீதம் ஏறினா ஏறக்குறைய 6 வருஷம். அந்த 6 வருஷம் வட்டி கிடையாது, டிவிடெண்ட் கிடையாது, அவசரத்துக்கு அடுத்த நாள் காசாக்கவும் முடியாது.

அதனால என் சிபாரிசு இதுதான். முதல்ல 6 மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட், மெடிக்கல் இன்சூரன்ஸ், மாசாமாசம் எஸ்ஐபி. இதெல்லாம் ஓடிக்கிட்டு இருந்தா, கைக்கு வர்ற சம்பளத்துல 1 முதல் 2 சதவீதம் இந்த ஹாபிக்கு. 30,000 வாங்குறவருக்கு 300 முதல் 600 ரூபாய். சினிமா, ஓட்டல் செலவு மாதிரி இதுவும் ஒரு செலவுன்னு எழுதுங்க. ஏறினா போனஸ்.

7. சட்டமும் மோசடியும்: இதையும் மனப்பாடம் பண்ணுங்க

"உங்க வைஷ்ணோ தேவி 5 ரூபாய் நாணயத்துக்கு 10 லட்சம்" மாதிரி விளம்பரம் உங்க போனுக்கும் வந்திருக்கும். 2012-ன்னு போட்டு புழக்கத்துக்கு விட்ட காசு அது. போன் பண்ணினா முதல்ல ரெஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ், அப்புறம் டேக்ஸ், அப்புறம் கமிஷன்னு உங்ககிட்டயே பணம் கறப்பாங்க. 2021 ஆகஸ்ட்ல ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்கி விக்கிற வேலையில ரிசர்வ் வங்கி ஈடுபடுறதில்லை, அதுக்காக எந்தக் கட்டணமும் கேட்கிறதில்லைன்னு. விக்கிறவன் ஏன் பணம் கட்டணும்? இந்த ஒரு கேள்வி போதும்.

அடுத்தது, 100 வருஷம் தாண்டின நாணயம் 1972-ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அப்படிப்பட்ட காசை வெளிநாட்டுக்கு எடுத்துட்டுப் போகக் கூடாது. துபாய்ல, சிங்கப்பூர்ல இருக்கிற மச்சானுக்கு ஆசையா பன்றி ரூபாய் கொடுத்து அனுப்பிடாதீங்க, ஏர்போர்ட்ல மாட்டிக்குவார்.

மூணாவது, மண்ணுல கிடைச்ச புதையல். திருவண்ணாமலை மாவட்டம் இதுக்குப் பேர் போன பூமி. செங்கம் பக்கத்துல ஆண்டிப்பட்டியில பழங்கால ஈயக் காசுகள் கிடைச்சிருக்கு, தமிழ் பிராமி எழுத்தோட. அந்தக் காசுல வருஷமே கிடையாது. எழுத்தோட வடிவத்தையும் சின்னத்தையும் வச்சு அறிஞர்கள்தான் காலம் சொல்லணும். அங்க நம்ம கீ டேட் ஞாபகம் எதுக்கும் உதவாது. அதனால "சோழர் காசு, பாண்டியர் காசு"ன்னு நடைபாதையில யாராவது நீட்டினா ஒதுங்கிடுங்க. வயல்லயோ அஸ்திவாரம் தோண்டும்போதோ கிடைச்சா, 1878-ம் வருஷப் புதையல் சட்டப்படி கலெக்டருக்குச் சொல்லணும். காசு சேர்க்கிற கலெக்டர் இல்லைங்க, மாவட்ட கலெக்டர்!

8. உங்க சம்பளத்துக்கு இதுல என்ன பாடம்?

கலெக்டர் கடை முன்னாடி நிக்கிற மாதிரிதான் நீங்களும் நிக்கிறீங்க. பேங்க்ல, லோன் ஏஜென்ட் முன்னாடி, பாலிசி விக்கிற சொந்தக்காரர் முன்னாடி. "இன்னைக்கே கையெழுத்துப் போடுங்க, ஆஃபர் முடியுது"ன்னு அங்கயும் அரை நிமிஷம்தான்.

நிறைய பேர் தினமும் நிஃப்டி எவ்வளவு, தங்கம் எவ்வளவுன்னு மனப்பாடமா சொல்வாங்க. அதெல்லாம் நாளைக்கே மாறுற எண். அடிக்கடி மாறாத எண்களைக் கேட்டா முழிப்பாங்க. உங்க கீ டேட்ஸ் இதுதான்:

பிபிஎஃப் கணக்குக்கு 15 வருஷம். இஎல்எஸ்எஸ் ஃபண்டுல பணம் எடுக்க 3 வருஷம். பேங்க் டெபாசிட்டுக்கு ஒரு பேங்க்ல ஒருத்தருக்கு இன்சூரன்ஸ் 5 லட்சம் வரைக்கும்தான். 5 வருஷ சர்வீஸ் ஆகாம பிஎஃப் பணத்தை எடுத்தா, பொதுவா டேக்ஸ் வரும். வேலை மாறினா எடுக்காதீங்க, டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க.

இதோட உங்க சொந்த கீ டேட்ஸ் சேர்த்துக்கோங்க: டெர்ம் பாலிசி பிரீமியம் தேதி, கிரெடிட் கார்டு டியூ தேதி, பைக் இன்சூரன்ஸ் முடியுற தேதி. பிபிஎஃப் வட்டி எவ்வளவு, எஃப்டி ரேட் எவ்வளவுங்கிறது நோட்டுக்குப் போகட்டும், தேவைப்படும்போது பார்த்துக்கலாம்.

9. ஏழு நாள் ஹோம்வொர்க்

1930-கள்ல அமெரிக்காவுல வருஷம் அச்சடிச்ச ஓட்டை போட்ட அட்டைகள் வந்தது. ஒவ்வொரு ஓட்டையிலயும் அந்தந்த வருஷ சென்ட் நாணயத்தைச் சொருகணும். எல்லாம் நிறைஞ்ச அப்புறமும் 1909-ல சான்ஃபிரான்சிஸ்கோவுல அடிச்ச ஒரு வகைக்கான ஓட்டை காலியாவே இருக்கும். அடிச்சதே 4,84,000 தான். சின்னப் பசங்க யாரும் அந்த வருஷத்தைப் படிக்கல. தினமும் அந்தக் காலி ஓட்டையைப் பார்த்தே மனசுல பதிஞ்சது.

நாமளும் அதையே பண்ணலாம்.

முதல் நாள்: ஒரு பேப்பர்ல 9 கட்டம் போட்டு ஆறாம் ஜார்ஜ் ரூபாய் வருஷங்களை எழுதுங்க. 1939-ஐ சிவப்புல.

ரெண்டாம் நாள்: பேப்பரைப் பார்க்காம எழுதுங்க. தப்பு வந்தா நல்லது. திரும்பத் திரும்பப் படிக்கிறதை விட, மறைச்சு வச்சுட்டு நமக்கு நாமே டெஸ்ட் வைக்கிறதுதான் நீண்ட நாள் நிக்கும்னு 2006-ல ரோடிகர், கார்பிக்கி நடத்தின ஆய்வு காட்டியிருக்கு.

மூணாம் நாள்: அஷ்ட லிங்க வரிசையை வீட்ல யாருக்காவது சொல்லிக் காட்டுங்க.

நாலாம் நாள்: வீட்ல பெரியவங்ககிட்ட பழைய காசு இருக்கான்னு கேளுங்க. இருந்தா வருஷம், மின்ட் மார்க் எழுதிக்கோங்க. தயவுசெய்து புளி, பல்பொடி, சபீனா போட்டுத் தேய்க்காதீங்க. பளபளன்னு ஆகும், கலெக்டர் கொடுக்கிற விலை பாதாளத்துக்குப் போகும்.

அஞ்சாம் நாள்: பர்ஸ்ல இருக்கிற சில்லறையைக் கொட்டி டைமண்ட், நட்சத்திரம், புள்ளி, வெறுமை பிரிங்க. செலவே இல்லாத பயிற்சி.

ஆறாம் நாள்: உங்க பணத்தோட 8 கீ டேட்ஸ் எழுதுங்க.

ஏழாம் நாள்: ரெண்டு லிஸ்ட்டையும் பார்க்காம எழுதுங்க. சென்னையில இருக்கிறவங்க எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துல நாணயப் பிரிவுக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. அசலைக் கண்ணால பார்த்தவங்களை ஏமாத்துறது கஷ்டம்.

வீட்ல தேடினப்போ எந்தெந்த வருஷக் காசு கிடைச்சதுன்னு கமென்ட்ல போடுங்க. காந்தத்துல ஒட்டுச்சா, எடை எவ்வளவுன்னு சேர்த்து எழுதினா வீடியோவுல ஒவ்வொண்ணா பார்க்கலாம். யாருக்காவது 1939 இருந்தா மட்டும் கமென்ட்ல ஊரையும் பேரையும் போட்டுடாதீங்க. முதல்ல பத்திரமா லாக்கர்ல வைங்க!